மாடு இல்லை

காலை ஆறே முக்காலுக்கு
ஜெயசீலனின் குறுஞ்செய்தி வரும்:
"மாடு இல்ல."
அதற்குப் பிறகுதான் பேட்டரியைத் தொடுவேன்.

லாபிஸ் பட்டணத்துக்கு அப்பால்
நான்காம் டிவிஷன் செம்பனைக்குள்
மருந்தடிக்கும் விமானத்துக்காக எப்போதோ வெட்டிய புல்தரை.
கோபுரம் கிடையாது, விளக்கு கிடையாது.
ஒரு காற்றுப்பை, அதுவும் கிழிசல்.
பெரட்டு முடிந்து அரிவாள் கட்டிய மோட்டார் சைக்கிள்கள்
வரிசையாய்ப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

டிக் டிக் டிக் டிக் என்று பொறி தட்டும்.
உள்ளே எங்கோ ஒரு பெருமூச்சு பற்றிக்கொள்ளும்.
வெப்பமுள் ஏறும், ஏறும்,
சிவப்புக்கோட்டுக்குக் கீழே ஒரு கணம் நின்று யோசிக்கும்,
இறங்கும்.
இறங்காவிட்டால்
என் சம்பளத்தில் எத்தனை வருஷம் என்று
முதலாளி ஏற்கெனவே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

இன்று சரக்கு ஒரே ஒரு பேரிங்.
லஹாட் டத்து ஆலையில்
பழக்குலைகள் மூன்று நாளாய்ப் புளித்துக் கிடக்கின்றன.
பேரிங்கோடு பொறியாளர் லோ சின் ஹுவாட்.
பெல்ட் மாட்டியதும் தூங்கிவிடுவார்.
எத்தனை வெட்கமில்லாத நம்பிக்கை.

நேற்று ரொட்டி வீசிக்கொண்டே
அலாவுதீன் பாய் கேட்டார்:
"ஒரே இஞ்சினாமே கெப்டன். நின்னுட்டா?"
"ஒங்க மோட்டருக்கும் ஒண்ணுதானே பாய்."
"நான் கால ஊனிக்குவேன்."
என்னிடம் பதில் இல்லை.
மாவு மேலே போய் விரிந்து
அவர் கைக்கே திரும்பி வந்தது.

தியோமான் தாண்டினால் கடல்.
இருபத்தேழாயிரம் அடியில் இஞ்சின் நின்றாலும்
நெடுந்தூரம் மிதக்கலாம்; ஏதாவது ஒரு தீவு இருக்கும்.
இருபத்தொரு நிமிடத்துக்கு மட்டும்
எந்தக் கரையும் எட்டாது.
வரைபடத்தில் அதைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.
அங்கே நுழைந்ததும்
இஞ்சின் வேறு மாதிரி பேசும்.
இருமல், முனகல், பல் நறநறப்பு,
மணிக்கணக்காய்க் கேட்காததெல்லாம் கேட்கும்.
முட்கள் அசையவே இல்லை,
எண்ணெய் அழுத்தம் நேற்றைய எண்ணேதான்.
ஆனாலும் நாசி லெமாக் பொட்டலத்தைப்
பிரிக்க மாட்டேன், மறுகரை தெரியும்வரை.
சம்பல் வாசனை அறை முழுக்க.
லோ தூக்கத்தில் உதட்டை நக்கிக்கொள்கிறார்.

கிழக்கே போகப் போகச்
சூரியன் அவசரமாய் உச்சிக்கு ஏறுகிறது,
கடிகாரம் மட்டும் லாபிஸிலேயே நிற்கிறது.
ஒரு நாட்டுக்கு ஒரே மணி என்று யாரோ முடிவு செய்தார்கள்.
நிழல்களிடம் அவர்கள் கேட்கவில்லை.

கூச்சிங்கில் எண்ணெய். கையெழுத்து. கழிவறை.
பிறகு மேகங்கள்,
எதிர்க்காற்று முப்பது நாட்,
மேகத்துக்குள் நுழைந்தால் ஜன்னலில் வெள்ளைத்தாள்.
ரேடியோவில் ஒரு மலாய்க் குரல்
என் விமானத்தின் எழுத்துகளைச் சொல்லி
சாப்பிட்டாச்சா என்பதுபோல் உயரம் கேட்கிறது.

லஹாட் டத்துவில் பேரிங்கை இறக்கினோம்.
உள்ளங்கை அகலம்தான்.
ஆலை மேலாளர் அதை இரு கைகளாலும் வாங்கினார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பும்போது
கீழே எல்லாம் செம்பனை,
சீப்பால் வாரியதுபோல் ஒரே வரிசை,
எந்தத் தோட்டம் எது என்று வானத்துக்குத் தெரியாது.
ஆலைப்புகை சாய்ந்த பக்கம் பார்த்து
காற்றைக் கண்டுபிடித்தேன்.
தகரக்கூரை. தண்ணீர்த்தொட்டி. வளைவு.
தாழப் பறந்ததும் கைப்பேசி அதிர்ந்தது:

"மாடு இருக்கு. ரெண்டு. சுத்துங்க."

சுற்றினேன்.
இடப்பக்க இறக்கைக்குக் கீழே
பாசார் மாலாம் விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பிடித்தன.
யாரோ ஒருவர் குடை விரித்துக்கொண்டிருந்தார்.
ஓடுபாதையில் ஜெயசீலன் சட்டையைக் கழற்றி
வீசி வீசி ஓடுகிறார்.
ஒரு மாடு நகர்ந்தது.
மற்றது அண்ணாந்து பார்த்தது.

லோ கண் விழித்து, "வந்துட்டோமா?" என்றார்.
வந்துட்டோம், என்றேன்.

நாற்பது நிமிடத்துக்கு எண்ணெய் இருக்கிறது.
மாட்டுக்கு அவசரமில்லை.
வலது கால் மட்டும்
தானாகவே கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தது.